பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்முன்: ஊர் அதை எப்படிக் கூப்பிடும்?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் தமிழ் வீடுகளில் பெண் குழந்தை பிறந்தால் பெயரைப் பற்றிய பேச்சு மூன்று மொழிகளில் நடக்கும். பாட்டி தமிழில் கூப்பிடுவார். அங்கன்வாடி டீச்சர் மலையாளத்தில் கூப்பிடுவார். சான்றிதழில் மலையாளமும் ஆங்கிலமும் இருக்கும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் சித்தப்பா, தன் வாட்ஸ்அப்பில் இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்த்து வேறொரு விதமாக வாசிப்பார். பெயர் ஒன்றுதான், ஆனால் காதில் விழுவது நான்கு.

இதைப் பற்றி எங்கள் பக்கம் மூன்று பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. தமிழில் எழுத்துக் குறைவு, அதனால் தமிழர் வாயில் சில பெயர்கள் சரியாக வராது என்பது ஒன்று. மலையாளிகள் நம் பெயர்களைக் கெடுத்துவிடுகிறார்கள், லதாவை 'லெத' ஆக்கிவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் ஒரு 'ஹெச்' சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே காரணத்தைத் தவறாகச் சொல்கின்றன. காரணம் தெரிந்தால் எந்தப் பெயர் எங்கே மாறும் என்பதைக் குழந்தைக்கு வைக்கும் முன்பே நம்மால் சொல்லிவிட முடியும். அதற்கு மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து இடம் பார்த்து ஒலிக்கும்

ஒரு பெண் அண்ணன் வீட்டுக்குப் போனால் அத்தை, அக்கா வீட்டுக்குப் போனால் சித்தி, கணவனின் தம்பிக்கு அண்ணி. ஆள் ஒருத்திதான். எந்த வீட்டில் நிற்கிறாள் என்பதைப் பார்த்து அவளைக் கூப்பிடும் சொல் மாறுகிறது. அவள் கழுத்தில் சீட்டு எழுதி மாட்டி வைக்க வேண்டிய தேவையே இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். தமிழில் க, த, ப ஆகிய எழுத்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ப-வுக்கு உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்தில் தொண்டையில் அசைவு இல்லை. ம்-முக்குப் பிறகு வரும் இரண்டாவது ப-வுக்கு உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிர்கிறது. விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த அதிர்வுக்குத்தான் ஒலிப்பு என்று பெயர். எழுதும்போது இரண்டும் ஒரே ப. ஒலியில் இரண்டும் வேறு. 'தந்தம்' என்பதில் வரும் இரண்டு த-வும் அதே மாதிரிதான்.

விதி சின்னதுதான். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் ஒலிப்பு இல்லை: கல், பக்கம், தலை, பத்து. மெல்லின எழுத்துக்குப் பின் வந்தால் ஒலிப்பு வரும்: சங்கு, பந்து, அம்பு. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எழுத்து இளகிவிடும். 'மகள்' என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் க கிட்டத்தட்ட ஹ போல ஆகிவிடுகிறது. 'காது', 'கோபம்' என்பவற்றின் த-வும் ப-வும் இளகியவைதான். யாரும் இதைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழ் பேசும் குழந்தை மூன்று வயதுக்குள் தானே கற்றுக்கொள்கிறது.

ஆகவே 'தமிழனுக்கு அந்த ஒலி வராது' என்பது சரியில்லை. சங்கு என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு ஒலிப்புள்ள க தெரியும். அந்த ஒலி தமிழ்ச் சொற்களின் தொடக்கத்தில் வருவதில்லை, அவ்வளவுதான். அதனால் அங்கே அதை எழுதிக் காட்ட ஒரு தனி எழுத்து தேவைப்படவில்லை.

சிக்கல் வெளியிலிருந்து வந்த பெயர்களில்தான் தொடங்குகிறது. கீதா, தேவி, பானு, தீபா, கௌரி என்ற பெயர்களின் முதல் எழுத்தை நாம் ஒலிப்போடு சொல்கிறோம். எழுத்தைப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை, ஏற்கெனவே காதில் கேட்டிருக்கிறோம் என்பதால் சொல்கிறோம். தெரிந்த பெயர் வரை இது தொந்தரவு தராது. புதுப் பெயர் வரும்போது தட்டும். 'தியா' என்று தமிழில் எழுதிக் கொடுத்தால், முதல் எழுத்து 'தினை'யின் தி-யா, 'பந்தி'யின் தி-யா என்று வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. 'தன்வி'யும் 'தன்யா'வும் ஒரே த-வில் தொடங்குகின்றன. முதலாவதில் ஒலிப்பு இல்லை, இரண்டாவதில் உண்டு.

மலையாள எழுத்து ஒவ்வொரு ஒலிக்கும் சீட்டு மாட்டும்

மலையாளம் வேறு வழியில் போகிறது. அங்கே க-வுக்கு நான்கு எழுத்துகள். ஒலிப்பு இல்லாத க, ஒலிப்புள்ள க, பிறகு இந்த இரண்டையும் கூடுதல் மூச்சோடு சொன்னால் வரும் இன்னும் இரண்டு. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னால் காற்று வந்து படுகிற ஒலிகள் இவை, மூச்சொலி என்பார்கள். ச, ட, த, ப வரிசைகளுக்கும் இப்படியே நான்கு நான்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே ஏற்பாடுதான்.

நான்கையும் காட்ட நான்கு பெண் பெயர்கள் போதும். சுகன்யா, ரேகா, ராகினி, மேகா. தமிழில் நான்கிலும் ஒரே க. மலையாளத்தில் நான்கும் நான்கு வேறு எழுத்துகள், இதே வரிசையில்: சாதாரண க, மூச்சோடு க, ஒலிப்புள்ள க, ஒலிப்பும் மூச்சும் சேர்ந்த க. த-வுக்கும் அப்படியே சொல்லலாம்: லதா, மிதிலா, சாரதா, ராதா. இந்த எட்டுப் பெயர்களையும் ஒரு மலையாளி நண்பரிடம் எழுதச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் எதுவும் வேண்டியிருக்காது.

நம் வாய் இந்த எட்டையும் எப்படிச் சொல்கிறது? எல்லாவற்றிலும் க-வும் த-வும் நடுவில்தான் நிற்கின்றன, அதனால் இளக்கிவிடுகிறது. சுகன்யாவைத் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதுகிறார்கள். கேரளத்தில் 'கே' போட்டு எழுதுகிறார்கள். அகிலாவுக்கு நம் பக்கம் 'கே', 'ஜி', 'ஹெச்' மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. கேரளத்தில் 'கே'யும் 'ஹெச்'சும் சேர்ந்து வரும், ஏனென்றால் மலையாளத்தில் அது மூச்சொலி. இதில் யாருடைய எழுத்தும் பிழையில்லை. தமிழ்க் குடும்பம் தன் காதுக்குக் கேட்டதை எழுதுகிறது, மலையாளக் குடும்பம் தன் எழுத்தில் இருப்பதை எழுதுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத்து நான்கு இருந்தாலும் மலையாளிகள் எல்லோரும் வேகமாகப் பேசும்போது மூச்சொலியை முழுசாகக் கொடுப்பதில்லை. 'மேகா'வில் எழுத்துப்படி இருக்க வேண்டிய மூச்சு, தெருவில் கூப்பிடும்போது பாதி காணாமல் போகும். ஆகவே மூச்சொலியை நினைத்துத் தமிழ்ப் பெற்றோர் அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒலிப்பு இருக்கிறதா இல்லையா என்பதுதான் காதில் பெரிதாகத் தெரியும்.

அது சில பெயர்களில் பெயரையே மாற்றிவிடும். 'தாரா' என்று தமிழில் எழுதினால் விண்மீனாகவும் இருக்கலாம், நீர்த்தாரையாகவும் இருக்கலாம். முதலாவது ஒலிப்பு இல்லாத த, இரண்டாவது ஒலிப்பும் மூச்சும் உள்ள த. மலையாளத்தில் இவை இரண்டு தனிப் பெயர்கள். 'பாவனா'வும் அப்படித்தான். கற்பனை என்ற பொருளில் வரும் பெயருக்கு ஒரு ப, தூய்மை என்ற பொருளில் வருவதற்கு வேறொரு ப. பதிவு செய்யும் அலுவலகத்தில் தமிழில் எழுதிய தாளை நீட்டினால், எழுதுபவர் தனக்குத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அவருக்கு வேறு வழி இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவு: தமிழில் ஒலியை முடிவு செய்வது எழுத்து நிற்கும் இடம், மலையாளத்திலும் தெலுங்கிலும் எழுத்தே ஒலியைச் சொல்லிவிடும். தமிழிலிருந்து அந்தப் பக்கம் போகும் பெயருக்கு யாராவது ஒருவர் ஒலியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருப்பது நல்லது.

ச என்ற தனிக் கதை

க, த, ப-வை விட ச அதிகம் படுத்தும். சந்திரிகா, சுந்தரி, சாந்தி என்ற மூன்றையும் தமிழில் ச போட்டு எழுதுகிறோம். மலையாளத்தில் மூன்றும் மூன்று எழுத்து. சந்திரிகாவின் ச, 'பச்சை'யில் வரும் ச. சுந்தரியின் ச, ஸ. சாந்தியின் ச, ஷ-வுக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஒலி. தமிழில் ஸ, ஷ, ஜ, ஹ போன்றவை கிரந்த எழுத்துகள், அதாவது வடமொழிச் சொற்களை எழுதத் தமிழகத்தில் வழங்கிய ஒரு எழுத்து முறையிலிருந்து எடுத்துக்கொண்டவை. மலையாள எழுத்தும் அந்தக் கிரந்தத்திலிருந்து வளர்ந்ததுதான். நாம் அதிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒலிப்புள்ள க, த, ப-வுக்கான கிரந்த எழுத்துகள் இன்றைய தமிழ் எழுத்தில் இல்லை.

வெளியிலிருந்து வந்த பெயர் என்றால் மலையாளிக்கு எந்த ச என்று தானாகவே தெரியும். நம் சொந்தப் பெயர்தான் அவருக்குக் கஷ்டம். 'செல்வி'யை மலையாளத்தில் ஸ போட்டும் எழுதலாம், 'பச்சை'யின் ச போட்டும் எழுதலாம். பின்னதை எழுதிவிட்டால் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது 'ச்செல்வி' என்று அழுத்தமாக வரும். செந்தாமரை, சங்கவி, செம்மொழி, சுடர்க்கொடி என்று வைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு எழுத்தை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். என் விருப்பத்தைக் கேட்டால், ஸ என்றே எழுதச் சொல்வேன். வீட்டில் நாம் கூப்பிடுவது அப்படித்தான்.

லதா எப்படி 'லெத' ஆகிறாள்

இதில்தான் கோபம் அதிகம் வருகிறது, அதனால் நின்று பார்ப்போம். லதா 'லெத' ஆகும்போது இரண்டு இடங்களில் மாற்றம் நடக்கிறது. முடிவில் ஒன்று, தொடக்கத்தில் ஒன்று. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

முதலில் முடிவு. வடமொழியில் லதா, சீதா, ரமா, உஷா எல்லாம் நெடிலில் முடிகின்றன. தமிழ் அந்த நெடிலை அப்படியே வைத்துக்கொள்ளும், அல்லது ஐ ஆக்கும்: சீதா, சீதை. மலையாளமும் தெலுங்கும் அதைக் குறிலாக்கிவிடும்: சீத, லத, ரம, உஷ. மாற்றம் என்றால் மூவரும்தான் மாற்றியிருக்கிறோம், நாம் ஐ சேர்த்து மாற்றினோம், அவர்கள் குறுக்கி மாற்றினார்கள். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துத் தெலுங்கு வீட்டில் 'சீத' என்று கூப்பிடுவதும் பாலக்காட்டில் 'சீத' என்று கூப்பிடுவதும் அந்தந்த மொழியின் முறைப்படி சரியானவையே.

கூப்பிடும்போது மலையாளத்தில் இன்னொரு வடிவம் உண்டு. அகரத்தில் முடியும் பெயர் ஏகாரமாக நீளும்: லதே, கீதே, ராதே. உங்கள் மகள் மீராவாக இருந்தால், எதிர்வீட்டு அம்மா 'மீரே' என்று கூப்பிடுவார். அது நம் ஊரில் 'அம்மா' என்பதை நீட்டிக் கூப்பிடுவது போல விளி வடிவம்தான். பெயரைத் தப்பாகச் சொல்லவில்லை.

இப்போது தொடக்கம். லதா, ரமா, ரம்யா, ரஞ்சினி, லட்சுமி, கங்கா, ஜயா, யமுனா என்ற பெயர்களில் முதல் உயிர் குறில் அ. அதற்கு முன்னால் இருக்கும் மெய்யோ ஒலிப்புள்ள க, ஜ, த, ப, அல்லது ய, ர, ல. இந்த மெய்களுக்கு அடுத்து வரும் குறில் அகரம் மலையாளப் பேச்சில் எகரத்தை நோக்கிச் சாய்கிறது. அதனால்தான் கேரளத்தில் ரம்யா, ரமா, லதா என்பவற்றை ஆங்கிலத்தில் 'ஈ' போட்டு எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். தென் கேரளத்தில் லட்சுமியை 'லெக்ஷ்மி' என்று எழுதுவது சர்வ சாதாரணம்.

இதை மலையாளத்தின் தனிக் குறும்பு என்று நினைப்பவர்கள் தமிழ்ப் பேச்சைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ரங்கநாயகியை 'ரெங்கநாயகி' என்றும், லட்சுமியை 'லெட்சுமி' என்றும், கங்கையைக் 'கெங்கை' என்றும், இரத்தினத்தை 'ரெத்தினம்' என்றும் எழுதும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! ஜயலட்சுமி ஜெயலட்சுமி ஆனதை நாம் மாற்றமாகவே நினைப்பதில்லை. யமன் எமன் ஆனதும் அப்படித்தான். பலத்தைப் 'பெலம்' என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். ஒரே நாக்கு, ஒரே சாய்வு. மலையாளத்தில் அது இன்னும் பரவலாக நடக்கிறது.

விதி தெரிந்தால் தப்பிக்கும் பெயர்களும் தெரியும். முதல் உயிர் நெடிலாக இருந்தால் சாய்வு கிடையாது: ராதா, ராகினி, யாழினி, கானவி. முன்னால் இருப்பது ஒலிப்பு இல்லாத மெய்யாக இருந்தாலும் கிடையாது: கலா, கவிதா, பவித்ரா, தன்வி. மெல்லினம் வந்தாலும் பயமில்லை: மலர், நந்தினி.

முடிவிலும் இதே மாதிரி பார்க்கலாம். இகரத்தில் முடியும் பெயர் எந்தப் பக்கம் போனாலும் அதிகம் தேயாது. நந்தினி, மாலினி, யாழினி, கயல்விழி, தேன்மொழி எல்லாம் கூப்பிடும்போது கடைசி இ நீளும், அவ்வளவுதான். ஐ-யில் முடியும் கோதை, தாமரை, மணிமேகலை போன்றவை மலையாளக் காதில் அகரமாகவே விழும். தாமரைக்கு மலையாளமே 'தாமர'தான். நம் பேச்சிலும் சொல்லின் கடைசி ஐ குறுகத்தான் செய்கிறது. ஐகாரக் குறுக்கம் என்று இலக்கணம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், 'லெத' என்பதில் தெரிவது இரண்டு ஒழுங்கான விதிகள். பெயர் பிடித்திருந்து அந்த ஒலி மட்டும் பிடிக்கவில்லை என்றால், நெடிலில் தொடங்கி இகரத்தில் முடியும் பெயராகப் பாருங்கள்.

ழ-வுக்குப் பயப்பட வேண்டாம்

யாழினி, மகிழினி, பூங்குழலி, கனிமொழி போன்ற பெயர்களைக் கேரளத்தில் வைக்கலாமா என்று தயங்குபவர்களைப் பார்க்கிறேன். தாராளமாக வைக்கலாம். மலையாளத்தில் ழ உண்டு, அதற்குத் தனி எழுத்தும் உண்டு. கோழிக்கோடு, ஆலப்புழை, மழை என்று நாள் முழுதும் சொல்லும் வாய்க்கு யாழினி ஒரு பாரமே இல்லை. கொழிஞ்சாம்பாறையிலேயே ஒரு ழ இருக்கிறது. மலையாள எழுத்துக்குத் தந்தை என்று கேரளம் போற்றும் எழுத்தச்சன் தன் கடைசிக் காலத்தை எங்கள் பக்கத்துச் சிற்றூர் என்னும் ஊரில், சோகநாசினி ஆற்றங்கரையில் கழித்தார் என்பார்கள். அவர் பெயரிலேயே ழ இருக்கிறது.

தெலுங்குப் பக்கம் நிலைமை வேறு. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் ழ இருந்தது. இன்றைய தெலுங்கில் இல்லை. ஆந்திரத்தில் நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் யாழினி என்று வைத்தால், பள்ளியில் ள-வோடு எழுதுவார்கள். அது தெரிந்தே வைத்தால் மனத்தாங்கல் வராது.

ற்ற பற்றி ஒரு வரி. வெற்றிச்செல்வியை நாம் இன்று 'வெட்ரி' என்பது போலச் சொல்கிறோம். மலையாளத்தில் ற்ற-வுக்கு நுனி நாக்கை மேல் பல் ஈற்றில் தொட்டு எடுக்கும் ஒரு தனி ஒலி இருக்கிறது, ஆங்கிலத்தின் 'பட்டர்' என்பதில் வருவது போல. சிற்றூர் என்ற ஊர்ப்பெயரைப் பாலக்காட்டு மலையாளிகள் சொல்லக் கேட்டால் அந்த ஒலி தெரியும்.

ஆங்கில எழுத்து எதையும் தீர்த்துவைக்காது

ஆங்கில எழுத்து எல்லோருக்கும் பொது, ஆகவே அதில் எழுதிவிட்டால் குழப்பம் போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் நாம் செய்வது எழுத்துப்பெயர்ப்பு, அதாவது ஒரு மொழியின் எழுத்துக்குப் பதிலாக இன்னொரு மொழியின் எழுத்தை வைப்பது. வாசிப்பவர் தன் ஊர்ப் பழக்கப்படி அதைத் திருப்பி ஒலியாக்குவார்.

தென்னிந்தியாவில் த-வைக் காட்ட, டிரெயினில் வரும் 'டி'யோடு 'ஹெச்' சேர்க்கிறோம். வடக்கே 'ஹெச்' இல்லாமல் எழுதுகிறார்கள். அதனால் வடநாட்டு லதாவின் எழுத்தை நாம் பார்த்தால் ட போல வாசிக்கத் தோன்றும். நம் லதாவை அவர்கள் மூச்சொலியோடு வாசிப்பார்கள். டாக்டரில் வரும் முதல் 'டி'யும் ஹெச்சும் சேர்ந்தால் ஒலிப்புள்ள த. ஆனால் தியாவைப் பலர் ஹெச் இல்லாமலே எழுதுகிறார்கள், அப்படியும் சரியாகவே வாசிக்கப்படுகிறது, பெயர் பிரபலம் என்பதால். (டிரெயினின் எழுத்துக்கும் டாக்டரின் எழுத்துக்கும் தமிழில் 'டி' என்ற ஒரே பெயர்தான் எழுத வருகிறது. மேலே சொன்ன தமிழ் விதியின் இன்னொரு முகம் இது.)

ண-ன, ல-ள, குறில்-நெடில் எதையும் ஆங்கிலம் காட்டாது. வாணியும் வானியும் அதில் ஒன்றுதான். ழ-வுக்கு நாம் போடும் 'இசட் ஹெச்' நமக்கும் மலையாளிகளுக்கும் இடையே புழங்கும் அடையாளம். அதை வேறு ஊர்க்காரர் ஜ போலவோ ஸ போலவோதான் வாசிப்பார்.

எண் கணிதம் பார்த்து எழுத்துச் சேர்ப்பது அவரவர் நம்பிக்கை. அப்படிச் சேர்ப்பதானால், ஆங்கில 'ஏ'யை இரட்டிப்பது வாசிப்பை அதிகம் கெடுக்காது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். 'டி', 'கே', 'ஜி' போன்ற மெய்களுக்குப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' சேர்ப்பதோ எடுப்பதோதான் ஒலியை மாற்றும். கடைசியில் ஒட்டவைக்கும் 'ஹெச்' அநேகமாக ஒன்றும் செய்யாது.

சான்றிதழுக்கு முன்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். கேரளத்தில் பல குடும்பங்கள் 28-ஆம் நாள் நூல் கட்டும்போதுதான் பெயர் சூட்டுகின்றன. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளும் நிறைய இப்போது அப்படிச் செய்கின்றன. 21-க்குள் பெயர் முடிவாகவில்லையே என்று அவசர அவசரமாக எதையோ எழுதிக் கொடுப்பது இதனால்தான். அவசரமே தேவையில்லை. பெயர் இல்லாமல் பிறப்பை மட்டும் பதிவு செய்யலாம். பெயரைப் பின்னர் சேர்க்க அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 12 மாதங்களுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். அதிலுள்ள எழுத்துதான் அவள் பின்னாலேயே வரும். பிறகு திருத்தலாம், ஆனால் அலைய வேண்டும்.

அந்த இடைவெளியில் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. பிடித்த பெயர்கள் இரண்டு மூன்றைத் தமிழில் ஒரு தாளிலும், மலையாளத்தில் ஒரு தாளிலும், ஆங்கிலத்தில் ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். மலையாளத்தில் எழுதும்போது எந்த க, எந்த த, எந்த ச என்பதை மலையாளம் படித்த ஒருவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பெயரை நீங்கள் வாயால் சொல்லுங்கள், அவர் கேட்டு எழுதட்டும். தமிழ்த் தாளைப் பார்த்து எழுத விடாதீர்கள், அங்கேதான் தாராவும் பாவனாவும் தடம் மாறுவார்கள். பிறகு இதுவரை அந்தப் பெயரைக் கேட்டிராத ஒருவரிடம் மலையாளத் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத் தாளைத் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருவருக்குப் படமெடுத்து அனுப்பி, வாசித்துக் குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள். வாசிக்கும் முன் நீங்கள் பெயரைச் சொல்லிவிடக் கூடாது.

மூன்று வாயிலும் நீங்கள் நினைத்த ஒலி வந்தால் நல்லது. வரவில்லை என்றால், எந்த இடத்தில் மாறியது என்று பாருங்கள். மூச்சொலி மட்டும் குறைந்திருந்தால் விட்டுவிடலாம். கடைசி நெடில் குறுகியிருந்தால் அது அந்த மொழியின் இயல்பு, அதையும் ஏற்றுக்கொள்ளலாம். ஒலிப்பு மாறி வேறு பெயர் போலக் கேட்டால் எழுத்தை மாற்றுங்கள். எழுத்தை மாற்றியும் சரியாகவில்லை என்றால் பட்டியலில் அடுத்த பெயரை எடுத்து இதே மாதிரி வாசிக்கக் கொடுங்கள். சான்றிதழை அச்சிடும் முன், திரையில் தெரியும் மலையாள எழுத்தை ஒருமுறை காட்டச் சொல்லிக் கேளுங்கள். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.